இதை நம்பியிருப்பவை: பூஜ்யம்

நாச்சிமுத்து தண்ணீர் இல்லாமல் செத்துப்போனார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சூலூரில் ஒருவரும் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது? கட்டிலுக்கு இரண்டு எட்டு தள்ளிக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. குழாயைத் திருகினாலும் தண்ணீர் வந்தது. ஃபிரிட்ஜில் மோர் பாத்திரத்தோடு அப்படியே இருந்தது. பஞ்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக ஓடியாடிய மனுசன், பக்கவாதம் வந்த பிறகும் தலைக்குள் வைத்த கருவியின் புண்ணியத்தில் எழுந்து நடமாடிய மனுசன், குடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாக்கு வறண்டு செத்துக் கிடந்தார்.

தலைக்குள் கருவி வைத்துக்கொண்டவர்களில் இப்படிச் செத்த முப்பத்தொன்றாவது ஆள் அவர். எல்லாம் மூன்றே வாரத்தில். அந்தக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைப் பராமரிப்பது கோவையிலுள்ள நரம்புக்கருவிக் காப்பகம். அங்கிருந்து சாந்தாமணியை அனுப்பியிருந்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்து வா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மென்பொருளில் குறையில்லை என்று ஒரு அறிக்கை வேண்டும், அதற்கு முன் யாராவது நேரில் போய் வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளும் அதே நினைப்போடுதான் ஸ்கூட்டரை எடுத்தாள். போன மாதம் போட்ட ஒன்பதாம் பதிப்பு பதினோராயிரத்து இருநூற்று நாற்பது பேர் தலையில் ஓடுகிறது. குறை இருந்தால் பதினோராயிரம் பேரும் அல்லவா விழ வேண்டும்? முப்பத்தொரு பேர் மட்டும் எப்படிச் சாவார்கள்?

பக்கத்து வீட்டுக் கமலாத்தாள்தான் கதவைத் தள்ளிப் பார்த்தவள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"ரெண்டு நாளா ஆளக் காணமேன்னு எட்டிப் பாத்தனுங்க. அப்பறம் நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிப்போச்சு."

"அதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. போன வாரம் மோர் கொண்டுபோய்க் குடுத்தேன். 'வெச்சுட்டுப் போ கமலா, தாகமே இல்ல'ன்னாரு. இந்த வேகாத வெயில்ல தாகமில்லீன்னு சொல்ற ஆளை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேச்சே கொளறுதுங்க அவருக்கு. அதெல்லாம் முடியாது குடிங்கன்னு சொம்பைக் கையில திணிச்சேன். மடமடன்னு குடிச்சாரு. ஒரு சொட்டு மிச்சம் வெக்கலீங்க. குடிச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. 'எப்பிடிக் குடிச்சேன் பாரு, தாகமே தெரியல'ங்கறாரு."

"அதுக்கப்பறம் நீங்க குடுக்கலீங்களா?"

சாந்தாமணி குற்றமாகக் கேட்கவில்லை. ஆனாலும் கமலாத்தாளின் முகம் விழுந்துவிட்டது.

"எங்க நாத்தனா ஊட்டுல சீருங்க. நாலு நாள் போயிட்டேன்."

"பையன் கூடவே இருக்கறதாத்தானுங்க கருவி வெச்சப்ப நெரப்புன பாரத்துல எழுதியிருக்குது?"

"பையன் டொரண்டோவுல இருக்கறானுங்க. இன்னும் வந்தே சேரல."

கமலாத்தாள் அவளுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெயிலில் வந்த களைப்புக்கு அமிர்தமாக இருந்தது. குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சாந்தாமணிக்கு அது உறைத்தது. தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று தன் தலை சொல்லியது. அவருடைய தலை ஏன் அவருக்குச் சொல்லவில்லை?

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சார்பு மரத்தைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலையே அதுதான். ஒவ்வொரு கருவிக்குள்ளும் நானூறு சொச்சம் மென்பொருள் துண்டுகள், பேக்கேஜுகள். ஒன்று காலை நகர்த்தும், ஒன்று சொல்லைத் தேடித் தரும், ஒன்று விழுங்கும்போது மூச்சை நிறுத்தும். எதுவும் தனியாக வேலை செய்யாது. ஒரு பேக்கேஜின் பெயரைத் தட்டினால் மரம் விரியும். மேலே அது எவற்றை நம்பியிருக்கிறது என்று காட்டும், கீழே எவையெல்லாம் அதை நம்பியிருக்கின்றன என்று காட்டும். மரத்தைப் பார்க்காமல் ஒரு இலையைக்கூடத் தொடமாட்டேன் என்று சாந்தாமணி புதிதாக வருகிறவர்களிடம் பெருமை பீற்றிக்கொள்வது வழக்கம். அந்தப் பெருமையில் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒன்பதாம் பதிப்பில் நீக்கப்பட்டவை என்ற பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. நான்காவது பெயர் 'உட்குறி'. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியது. உடலின் உள்செய்திகளை மேலே கடத்தும் என்று ஒரே வரி விளக்கம். படிக்கட்டு ஏற உதவும் புதிய பேக்கேஜுக்கு இடம் பற்றவில்லை என்று இதை எடுத்திருந்தார்கள். அவள் பெயரைத் தட்டினாள். மரம் விரியவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி நின்றது.

இதை நம்பியிருப்பவை: 0.

அதற்குக் கீழே, நீக்க ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"ரவூஃப், இங்க வா," என்றாள்.

ரவூஃப் அடுத்த மேஜைக்காரன். பத்து வருஷமாக அவளோடு வேலை செய்கிறவன். சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது அவனுக்கு. திரையைப் பார்த்ததும் அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"பூஜ்யம்தானக்கா காட்டுது. ரூல்படிதான் எடுத்திருக்கீங்க."

"தாகம் மேல போறதுக்கு இதுதான் வழின்னு இப்பப் படிச்சுப் பாத்தேன். அப்பிடின்னா முக்கால்வாசிப் பேக்கேஜ் இதை நம்பியில்ல இருக்கணும்? ஒண்ணுகூட ஏன் இதும் பேரை எழுதல?"

ரவூஃப் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பழைய பதிப்புகளைப் புரட்டினான். கால் மணி நேரம் கழித்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, முன்னாடி இது 'அடிப்படை' முத்திரை குத்துன பேக்கேஜு. அடிப்படைன்னா எல்லாக் கருவியிலயும் எப்பவும் இருந்தே தீரும். அதனால வேற எந்தப் பேக்கேஜும் 'எனக்கு இது வேணும்'னு எழுதக் கூடாதுன்னே நம்ம ஆபீஸ் வழக்கம். சமையலுக்குச் சாமான் லிஸ்ட் எழுதறோம், அரிசி, பருப்பு, புளின்னு எழுதுவோம். தண்ணின்னு எழுதுவமா?"

"எழுத மாட்டோம்."

"போன வருசம் கமிட்டி அடிப்படை லிஸ்டை நாப்பதுல இருந்து இருவதாக் கொறைச்சுது. வேணுங்கற பேக்கேஜ் எழுதி வெச்சிருக்கும்னு அவங்க நெனச்சாங்க. முத்திரை இருக்குதே, எழுத வேண்டாம்னு எழுதினவங்க நெனச்சிருக்காங்க. முத்திரை போச்சு. எழுத்தும் இல்ல. மரத்துக்கு எழுதினதுதான் தெரியும்."

சாந்தாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் ஏமாற்றவில்லை, சோம்பேறித்தனமாக இருக்கவுமில்லை. மரத்தைத் திறந்தாள், பூஜ்யத்தைப் பார்த்தாள், ஒப்புதல் கொடுத்தாள். முப்பத்தொரு பேர் செத்துப்போனார்கள். அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது, அழக்கூட முடியவில்லை.

"அப்ப மத்தவங்க ஏன் சாகல?" என்றான் ரவூஃப்.

அதற்குப் பதில் அவளுக்குச் சூலூரிலேயே கிடைத்துவிட்டிருந்தது. "மத்தவங்களுக்கு ஊட்டுல ஆள் இருக்குது. காலையில காப்பி, பதினோரு மணிக்கு மோர், சாப்பிடறப்ப ஒரு சொம்புன்னு யாராச்சும் கையில குடுத்துட்டே இருக்காங்க. கேக்காமயே குடுக்கறாங்க. தாகம் இல்லாதது அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. செத்தவங்க எல்லாம் தனியா இருந்தவங்க."

இயக்குநர் செல்வநாயகம் டாக்டருக்குப் படித்தவர், நல்ல மனுசன், நல்ல மனுசர்களுக்கே உரிய பயம் உள்ளவர். சாந்தாமணி சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஏசியை இன்னும் குறைத்து வைத்தார்.

"திருப்பிப் போட எத்தனை நாளாகும்?"

"சோதனையும் சேத்துப் பதினோரு நாள் சார். சோதனை இல்லாமப் போட்டா வேற எது போகும்னு எனக்கு இப்பத் தெரியல. மரத்தை நம்ப முடியாது."

"பதினோரு நாள். அக்னி நட்சத்திரம் வேற."

"டிவியில சொல்லிருங்க சார். மணிக்கு ஒருக்காத் தண்ணி குடிங்கன்னு."

"எதுக்குன்னு கேப்பாங்களே? உங்க மண்டைக்குள்ள இருக்கறதுல கோளாறுன்னு சொல்லணும். ஆறு வருசம் முன்னாடி ஒரு வதந்தி வந்துச்சு, ஞாபகம் இருக்காம்மா? கருவியைப் புடுங்கி எறிங்கன்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க. எடுக்கும்போது நாலு பேர் டேபிள்லயே போயிட்டாங்க. அதுல ஒருத்தர் நான் வெச்சு விட்டவர்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். தனியா இருக்கறவங்களுக்கு மட்டும்தானே ஆபத்து? அவங்க லிஸ்ட்டைக் குடுங்க. எங்கிட்ட நர்ஸுங்க நானூறு பேர் இருக்காங்க. நாளைக்கே ஊடு ஊடா அனுப்பறேன். தண்ணியக் கையில குடுத்து, குடிக்கற வரைக்கும் நின்னுட்டு வருவாங்க."

நியாயமான யோசனைதான். பதினோராயிரம் வீட்டுக்கும் தினம் பல தரம் போய்வர நானூறு பேர் போதாது, லிஸ்ட் வேண்டும். லிஸ்ட்தான் இல்லை.

கருவி வைக்கும் முன் நிரப்பும் பாரத்தில் 'உடனிருப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பெயர், உறவு, போன் நம்பர். பாரத்தில் இருக்கும் ஒரே போன் நம்பர் அதுதான், ஏனென்றால் பாரம் நிரப்பும் நேரத்தில் நோயாளிக்குப் பாதிப் பேருக்குப் பேச்சு இருக்காது. அந்தக் கட்டம் காலியாக இருப்பவர்களைத் தேடச் சொல்லிச் சாந்தாமணி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். பதினோராயிரத்து இருநூற்று நாற்பது பாரங்களில் ஒன்றில்கூடக் கட்டம் காலியாக இல்லை.

காலியாக இருந்தால் கருவி வைக்கமாட்டார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா? 'எனக்கு யாரும் இல்லை' என்று நம் ஊரில் எந்த மனுசன் தன் கையால் எழுதிக் கொடுப்பான்? நாச்சிமுத்து டொரண்டோவிலிருக்கும் மகனின் பெயரை எழுதினார். இன்னொருவர் பேசி வருஷமான தம்பியின் பெயரை எழுதியிருந்தார். பெற்றவரைத் தனியே விட்ட பிள்ளையும், கையெழுத்துப் போடுங்கள் என்று நர்ஸ் கேட்டால் நிமிர்ந்து போட்டுவிட்டுத்தான் போவான். பேக்கேஜுகள் இருக்கிற துணையை எழுதாமல் விட்டன, மனுசர்கள் இல்லாத துணையை எழுதி வைத்தார்கள். இரண்டையும் பார்த்து வேலை செய்ய வேண்டியவள் சாந்தாமணி.

போன் செய்து கேட்பது என்று முடிவானது. ஆறு பேர், ஆறு ஹெட்செட். யாரை முதலில் கேட்பது என்ற வரிசையைச் சாந்தாமணியே வகுத்தாள். வெளிநாட்டு நம்பர்கள் முதலில். பிறகு வெளி மாவட்டம். பிறகு உள்ளூர்ப் பிள்ளைகள். கடைசியில் கணவன், மனைவி. கட்டினவர்கள் எப்படியும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருப்பார்கள், அவசரமில்லை என்று ரவூஃபிடம் விளக்கினாள்.

அந்தக் கடைசிப் பிரிவைத் திரையில் ஒருமுறை மேலோட்டமாக உருட்டிப் பார்க்கும்போது அந்த வரி வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

மயில்சாமி, வயது 56, வெள்ளலூர். உடனிருப்பவர்: மனைவி. பெயர்: சாந்தாமணி. அவளுடைய நம்பர்.

ஒன்பது வருஷமாயிற்று அவர் வீட்டை விட்டு அவள் வெளியே வந்து. அடிதடி, குடி என்று ஊருக்குச் சொல்லத்தக்க காரணம் எதுவுமில்லை. ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போனார்கள். விவாகரத்து வாங்க வேண்டும் என்றும் இருவருக்கும் தோன்றவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மயில்சாமிக்குப் பக்கவாதம், கருவி வைக்க வேண்டும், உடனிருப்பவர் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார், நீங்கள் கூட இருப்பீர்களா? இல்லை என்று சொன்னால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். "இருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அந்த வரியை இழுத்து முதல் பிரிவில் போட வேண்டும். ஒரு விரலின் வேலை. போட்டால் ஆறு பேரும் பார்ப்பார்கள், ஏன் மேலே போட்டீர்கள் என்று கேட்பார்கள். மதுக்கரையில் வீட்டுக்காரரோடு இருப்பதாகத்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷமாகத் தீபாவளிக்கு அவர் வாங்கிக் கொடுத்ததாகப் புடவை காட்டுகிறாள். சரி, அவருடைய அக்கா தெய்வாத்தாள் அந்த வீட்டில்தானே இருக்கிறாள், ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காப்பி போடுகிறவள் அவள். தம்பியை வறள விட்டுவிடுவாளா? சாந்தாமணி இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த வரியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

முதல் நாள் மூவாயிரத்து எண்ணூறு பேருக்குப் பேசினார்கள். "நீங்கள் அவருடன் இருக்கிறீர்களா? தவறாமல் தண்ணீர் கொடுக்கிறீர்களா?" என்பதுதான் கேள்வி, காரணம் சொல்லக் கூடாது. மூவாயிரத்து எண்ணூறு பேரும் ஆமாம் என்றார்கள். வெளிநாட்டு நம்பரிலிருந்தும் ஆமாம் என்றார்கள், ஆள் வைத்திருக்கிறோம் என்றார்கள், தினமும் வீடியோவில் பார்க்கிறோம் என்றார்கள், எங்க அப்பாவை நாங்க பாத்துக்க மாட்டமா என்று கோபித்துக்கொண்டார்கள். தனியே இருப்பவர்கள் பட்டியலில் அன்று சாயங்காலம் ஒரு பெயர்கூடச் சேரவில்லை. நானூறு நர்ஸுகளும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் அவிநாசியில் ஒரு விதவை செத்தாள். அதற்குள் முப்பத்தாறாவது சாவு. ரவூஃப் தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் எறிந்தான்.

"நேத்து இவங்க பையங்கிட்ட நாந்தான் பேசுனேன். 'பக்கத்துல உக்காந்துதான் இருக்காங்க, குடுக்கட்டுமா'ன்னான். நான் வேண்டாம்னுட்டேன். அவன் ஓசூர்ல இருக்கறானாம். என்ன மனுசங்கக்கா இவங்க?"

சாந்தாமணி அன்று மூன்று முறை வெளியே தாழ்வாரத்துக்குப் போய் மயில்சாமியின் நம்பரை எடுத்தாள். ஒன்பது வருஷம் கழித்து என்னவென்று ஆரம்பிப்பது? தண்ணீர் குடித்தீர்களா என்றா? மூன்று முறையும் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு அவளுடைய போன் அடித்தது. காப்பகத்தின் பொது நம்பர். எடுத்தாள்.

"வணக்கமுங்க, நரம்புக்கருவிக் காப்பகத்துல இருந்து பேசறோம். மயில்சாமிங்கறவருக்கு நீங்கதான் உடனிருப்பவருங்களா?"

குரல் போனிலும் கேட்டது, அடுத்த மேஜையிலிருந்தும் கேட்டது. மூன்று நாளாக ஓதி ஓதி ரவூஃப் பெயர்களைப் பார்ப்பதை விட்டிருந்தான். பட்டனை அமுக்குவான், பேசுவான், கட்டத்தில் குறிப்பான். இப்போது அவன் திரையை ஒருமுறை கூர்ந்து பார்த்தான். மெதுவாகத் தலையைத் திருப்பிச் சாந்தாமணியைப் பார்த்தான். மற்ற ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஆமாங்க" என்ற சொல் அவள் நாக்கில் தயாராக நின்றது. ஆமாம் என்று சொன்ன அந்த ஏழாயிரம், எட்டாயிரம் பேருக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். சொன்னால் ரவூஃப் கட்டத்தில் ஒரு குறி போடுவான், பெருந்தன்மையோடு எதுவும் கேட்காமல் அடுத்த நம்பருக்குப் போய்விடுவான்.

"இல்ல ரவூஃப்," என்றாள். "நான் அவருகூட இல்ல. ஒன்பது வருசமா இல்ல."

ரவூஃப் எழுந்து பைக் சாவியை எடுத்தான்.

வெள்ளலூர் போய்ச் சேர இருபது நிமிஷம். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் தெய்வாத்தாளின் படம், பிளாஸ்டிக் மாலை போட்டு. கீழே தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி. அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மயில்சாமி உள்ளறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சட்டை பித்தான் ஒழுங்காகப் போட்டிருந்தார், எங்கேயோ கிளம்பியவர் கொஞ்சம் தலைசாய்த்த மாதிரி. ரவூஃப் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். ஜன்னலோரத்தில் இருந்த மண்பானையைச் சாந்தாமணி திறந்து பார்த்தாள். கழுத்து வரை தண்ணீர்.

அரை மணி நேரத்தில் வந்த டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "முந்தாநாள் மத்தியானம் போயிருக்கும்," என்றார்.

அவள் வரிசை வகுத்தது முந்தாநாளுக்கு முந்திய நாள். அந்த ஒரு வரியை மேலே இழுத்திருந்தால், மறுநாள் காலையிலேயே ஒரு நர்ஸ் டம்ளரோடு இந்த வாசலில் நின்றிருப்பாள். மற்ற முப்பத்தாறு பேரைத் தெரியாமல் கொன்றேன், இவரைத் தெரிந்தே கொன்றேன் என்று சாந்தாமணி வாய்விட்டுச் சொன்னாள். ரவூஃப் அதைக் கேட்டும் கேட்காதவன் போல வெளியே போய் நின்றுகொண்டான்.

சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ பாய் விரித்தார்கள், யாரோ அவளைத் தோளைப் பிடித்துத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். ஒன்பது வருஷமாக எங்கே போனாய் என்று கேட்காமல் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மிணி போற?" என்றாள் மயில்சாமியின் சித்தி.

"ஆபீசுக்குங்க."

"புருசன் பொணம் கூடத்துல கெடக்குது, இவ ஆபீசுக்குப் போறாளாம். நெஞ்சா கல்லா அது?"

முதுகுக்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ கேட்டது. அவள் நிற்கவில்லை.

காப்பகத்தில் அவளைப் பார்த்ததும் ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். இயக்குநர்கூட வெளியே வந்து, வீட்டுக்குப் போம்மா என்றார். சாந்தாமணி ரவூஃபின் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். கேள்வித்தாளை மடித்து ஓரமாக வைத்தாள். ஆமாம் என்று சொன்னவர்களின் பட்டியலில், உடனே ஓடிப்போய்ப் பார்க்கக்கூடிய உள்ளூர்ப் பிள்ளைகளின் பிரிவைத் திறந்தாள்.

"இவங்ககிட்ட எல்லாம் பேசியாச்சேக்கா," என்றான் ரவூஃப்.

"நாம கேட்டது தப்பு. நீ கூட இருக்கறியான்னு கேட்டா இருக்கறேன்னுதான் சொல்லுவாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

முதல் நம்பரை அழுத்தினாள். ஒண்டிப்புதூரில் ஒரு பெண். ராஜாமணி என்ற எழுபது வயதுத் தாய்க்கு உடனிருப்பவள்.

"முந்தாநாள்தான் கேட்டீங்களேங்க," என்றாள் எரிச்சலாக. "அம்மா நல்லாருக்காங்க. நான்தான் பாத்துக்கறேன்."

"என் பேரு சாந்தாமணிங்க. நான் கேக்கறதுக்குக் கூப்புடல, சொல்றதுக்குக் கூப்புட்டேன். எங்க ஊட்டுக்காரரு தலையிலயும் இந்தக் கருவி இருந்துச்சு. அவருகூட நான் இருக்கறேன்னு எழுதிக் குடுத்தேன். இருக்கல. கருவியில ஒரு கோளாறு, தாகம் தெரியாது. பண்ணுனது நான்தான். அவரு முந்தாநாளு தண்ணி குடிக்காமச் செத்துட்டாரு. பானை நெறையத் தண்ணி இருந்துச்சு. எடுத்துக் குடுக்கத்தான் யாரும் இல்ல. இன்னைக்கு மத்தியானந்தான் போய்ப் பாத்தேன். பொணம் இன்னும் எடுக்கல."

மறுமுனையில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது. சாந்தாமணி காத்திருந்தாள்.

"நான் ரெண்டு தெரு தள்ளித்தானுங்க இருக்கறேன்," என்றாள் அந்தப் பெண். "பேசி ஆறு மாசமாச்சுங்க. ஒரு சின்னச் சண்டை."

"இப்பப் போறீங்களா? இல்ல நான் நர்ஸ அனுப்பட்டுமா?"

"நானே போறனுங்க. நீங்க வெச்சுராதீங்க. லைன்லயே இருங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. ஓடுகிறாள். ஒரு ஆட்டோ கடந்து போனது. இரும்பு கேட் கிறீச்சிட்டது. கதவைத் தட்டும் சத்தம், அம்மா என்று கூப்பிடும் சத்தம், மறுபடி தட்டும் சத்தம். இயக்குநர் அவளைத் தடுக்காமல் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது தரம் தட்டிய பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல், நாக்கு ஒட்டிக்கொண்ட குழறலான குரல், வந்தது.

"யாரு?"

"நாந்தாம்மா. கதவைத் தெற. தண்ணி குடிச்சியா நீ?"

சாந்தாமணி அந்தப் பெயருக்கு எதிரே 'தனியாக' என்று எழுதினாள். பட்டியலில் அதுதான் முதல் பெயர். மற்ற ஐந்து பேரும் தங்கள் கேள்வித்தாள்களை மடித்து வைத்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று ரவூஃபிடம் தணிந்த குரலில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். அவள் அடுத்த நம்பரை அழுத்தினாள்.